ஈரம் பார்த்தல்

அப்பளக் கம்பெனியில் எனக்கு வேலை
புறங்கையால் ஈரம் பார்ப்பது.
உள்ளங்கை வியர்க்கும், பொய் சொல்லும்.
புறங்கையை வைத்தால் தெரிந்துவிடும்
இன்னும் அரைமணி வெயில் வேண்டுமா
பாக்கெட்டுக்கு அனுப்பலாமா என்று.
அவனியாபுரத்தில் பதினோரு வருஷம்.
என் கை பார்த்த கட்டு ஒன்றுகூட
பூசணம் பூத்துத் திரும்பி வந்ததில்லை.

வீட்டில் அந்தக் கைக்கு வேலையே இல்லை.
பாயைத் தொட்டால் ஈரம்.
பாவாடையைத் தொட்டால் ஈரம்.
பார்க்க என்ன இருக்கிறது.

அடிவயிறு மூடாமல் பிறந்தாள்.
மாதுளை வெடித்த மாதிரி இருக்கு என்றாள் நர்ஸ்,
சொல்லிவிட்டோமே என்று பிறகு அழுதாள்.
நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் மூடினார்கள்.
வயிறு மூடிற்று.
ஒழுகல் நிற்கவில்லை.

அழகர்மலை ஏறி வேண்டிக்கொண்டதால்
வயிற்றில் இருக்கும்போதே வைத்த பெயர் ராக்காயி.
"ஓயாத ஊத்துக்காரி பேர வச்சா
வேற எப்படி இருக்கும்?" என்றாள் நாத்தனார்.
எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.
எனக்கும் வந்தது.
நாத்தனாரை மன்னித்து வருஷமாகிறது.

பள்ளிக்கூடத்தில் ஜன்னலோர இடம் அவளுக்கு.
கேட்டு வாங்கியதில்லை,
ஒவ்வொருத்தியாய்த் தள்ளித் தள்ளி
அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

ஒன்பது வயதில்
டாக்டர் ஷமீனா ஸ்கேன் கவரின் பின்பக்கம் வரைந்தார்.
குடலில் ஒரு சாண் எடுத்துப் பையைப் பெரிதாக்குவோம்,
கீழ்வழியை இறுக்குவோம்,
குடல்வாலைக் குழாயாக்கித்
தொப்புளில் வாசல் வைப்போம்,
மூன்று மணிக்கொருதரம்
அவளே டியூப் விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

"அவளுக்குத்தான் தொப்புளே இல்லையே டாக்டர்."

"அதையும் செஞ்சிருவோம்" என்றார்,
காஜா எடுத்துப் பட்டன் வைத்துத் தருகிறேன்
என்கிற டெய்லர் மாதிரி.

எட்டு மணி நேரம்.
அவள் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து
ஆட்டோ சாவியால் காது குடைந்துகொண்டே இருந்தார்.
வெளியே வந்தவளிடமிருந்து நாலு குழாய்கள்,
நாலிலும் நாலு நிறம்.

பக்கத்துக் கட்டில் கொட்டாம்பட்டிக்காரியும் நானும்
மில்லிக் கணக்கில் பேசிக்கொள்வோம்.
"ஒனக்கு எவ்வளவு?"
"நூத்தி இருவது. ஒனக்கு?"
"நூத்தம்பது!"
சீட்டு எடுத்தவள் மாதிரி சொல்வாள்.
மூன்றாம் வாரம் அவள் பையனுக்குத் தையல் விட்டுப்போனது.
மார்கழிக்கு மேல் மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.
அன்று என் அளவை அவள் கேட்டாள்.
இன்னும் பார்க்கலக்கா என்றேன்.
காலையிலேயே பார்த்திருந்தேன்,
இருநூறு.

இப்போது ஜாமெட்ரி பாக்ஸில்
காம்பஸ் இருந்த இடத்தில் டியூப் இருக்கிறது.
பதினொன்றரைக்கு வாட்ச் கத்தினால்
டீச்சரைப் பார்க்காமலே எழுந்து போகிறாள்.
எங்கே போறே என்று கேட்ட புதுப்பிள்ளையிடம்
சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினாளாம்.
"ஒனக்குச் சும்மாதான் இருக்கு,
எனக்கு வேலை செய்யுது."

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி
என் கை தானாகப் பாய்க்குப் போனது.
காய்ந்திருந்தது.
புறங்கையைத் திருப்பி வைத்தேன்.
காய்ந்துதான் இருந்தது.
ஐயோ, உள்ளே அடைத்துக்கொண்டதா,
கிட்னிக்கு ஏறிவிட்டதா என்று லைட்டைப் போட்டேன்.
வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன்.

"ரெண்டு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன்ல,"
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்,
"கைய எடும்மா, குளிருது."

மறுநாள் கம்பெனியில்
நன்றாய்க் காய்ந்த நாலு தட்டை
ஈரம் என்று திரும்ப வெயிலில் போடச் சொன்னேன்.
மதியத்துக்குள் எல்லாம் விரிசல் விட்டு
எடுக்க எடுக்க நொறுங்கின.
சூப்பர்வைசர் கேட்டார்,
என்னக்கா, கைக்கு என்ன ஆச்சு?